ரோசரிக்காவின் முதுகில் ஒரு சுவிட்ச்

ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங்கில் என் மோட்டார் சைக்கிள் கடைக்கு வருகிறவர்கள் கேட்காத சாமான் கிடையாது. பாட்டுப் பெட்டி கேட்பார்கள், கலர் கலராக எரியும் விளக்கு கேட்பார்கள், பக்கத்துத் தாமான் குடியிருப்பையே எழுப்பிவிடும் ஹாரன் கேட்பார்கள். ஆனால் கைப்பிடிக்குச் சூடு கேட்டு வந்த முதல் ஆள் ரோசரிக்காதான். அதுவும் பட்டப்பகலில், கூரைத் தகரம் கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில் வந்து கேட்டார்.

"தனேஸ் தம்பி, கிரிப்ப சூடாக்குற சாமான் இருக்காம்ல. அத என் மோட்டார்ல மாட்டித் தா."

"வெயில்ல நிப்பாட்டி வையுங்கக்கா. அது தானா சூடாயிரும்" என்றேன்.

வழக்கமாக என் கிண்டலுக்குப் பதில் கிண்டல் வரும். அன்றைக்கு வரவில்லை. அவர் வலது உள்ளங்கையை விரித்துக் காட்டினார். தோல் உரிந்து, மஞ்சள் மருந்து பூசி, ஓரங்கள் காய்ந்து போயிருந்தன.

"மலையில விழுந்துட்டேன் லா. பிரேக்க பிடிச்சிட்டேன்னுதான் நெனச்சேன். குனிஞ்சு பாத்தா வெரல் பிடிக்கவே இல்ல."

அவரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போனால், யாரோ வேலைவெட்டி இல்லாத பெண் ஈப்போ வெயிலில் ஹீட்டர் தேடினாள் என்று நினைத்துவிடுவீர்கள். ரோசரிக்கா பூ வியாபாரம் செய்கிறவர். எங்கள் தாமானில் தன் வீட்டு முன்கூடத்தையே பூக்கடையாக வைத்திருக்கிறார். மாதா கோயில் பீடத்துக்கு, கல்யாணக் காருக்கு, சாவு வீட்டு மலர்வளையத்துக்கு, முக்கில் இருக்கும் முனீஸ்வரன் கோயில் மாலைக்கு என்று எல்லாச் சாமிக்கும் எல்லாச் சனத்துக்கும் அவர் கையால்தான் பூ. சொன்ன நேரத்துக்கு வந்துவிடும். சொன்ன நிறத்தில் வரும் என்று மட்டும் சொல்ல முடியாது. மலையில் அன்றைக்கு எது நன்றாக இருக்கிறதோ அதைத்தான் கொண்டுவருவார். மஞ்சள் கேட்டவரிடம் வெள்ளையைக் கொடுத்து, இதுதான் எடுப்பாக இருக்கும் என்று நம்பவைத்து அனுப்பும் சாமர்த்தியம் அவருக்கு உண்டு. நானே ஏமாந்திருக்கிறேன்.

பிறந்தது சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு கித்தாத் தோட்டம், அதாவது ரப்பர்த் தோட்டம். இப்போது அந்த இடத்தில் பாதி செம்பனை, பாதி வீடமைப்பு. அதைப் பற்றி அவர் பெரிதாகப் பேசமாட்டார். "மழையில ஒழுகுற வீட்டுக்கு என்ன ஏக்கம்" என்று ஒரே பேச்சில் முடித்துவிடுவார். கொஞ்ச நாள் அம்மாவோடு ரப்பர் பாலுக்கு மரம் வெட்டப் போனார். பிறகு ஈப்போவில் கையுறை ஃபேக்டரி வேலை. சூடான அச்சிலிருந்து கையுறையை உரித்து உரித்து எடுக்கும் வேலை அது. ஃபேக்டரி அந்தப் பிரிவுக்கு மிஷின் வாங்கிப் போட்டதும், வேலைக்காரப் பெண்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அதுவரை ஞாயிற்றுக்கிழமை மட்டும் கோயில் பீடத்துக்குச் சும்மா பூ அடுக்கிக்கொண்டிருந்தவர், அதையே தொழிலாக்கிக்கொண்டார்.

பூ வந்த வழி அவருடைய வீட்டுக்காரர் ஆம்புரோஸ் அண்ணன். கேமரன் மலையிலிருந்து காய்கறி இறக்கும் லாரியை வருடக்கணக்கில் ஓட்டியவர். சிம்பாங் பூலாயிலிருந்து ஏறும் அந்தப் பாதையில் அவருக்குத் தெரியாத வளைவு இல்லை. கல்யாணத்துக்கு முன்னாலேயே லாரியின் முன்சீட்டில் ஒரு கட்டுச் சாமந்தியை வைத்துக்கொண்டு கோயில் வாசலில் நிற்பாராம். பீடத்துக்குத்தான் கொண்டுவந்தேன் என்று இன்றைக்கும் சாதிப்பார். யாரும் நம்புவதில்லை.

அப்புறம் அண்ணனுக்கு இனிப்புநீர் வியாதி கண்ணில் ஏறிவிட்டது. எதிரே வரும் ஆள் யார் என்று குரல் கேட்டால்தான் தெரியும் என்கிற அளவுக்கு ஆனதும், அவரே லாரிச் சாவியை முதலாளித் தவுக்கேயிடம் கொடுத்துவிட்டு வந்தார். கீழே இறங்கும் மற்ற லாரிகளில் பூ வரும், ஆனால் குளிர்ப்பெட்டியில் இரண்டு நாள் கிடந்த பூ. அது ரோசரிக்காவுக்குப் பிடிக்கவில்லை. மோட்டார் லைசன்ஸ் எடுத்து, ஒரு கப்சாய் வாங்கினார். எங்கள் ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளை முதல் பென்ஷன் வாங்குகிறவர் வரைக்கும் ஓட்டுகிற சின்ன மோட்டாருக்கு அதுதான் பெயர். இரண்டு பக்கமும் கூடை கட்டி, சீட்டுக்கு மேல் பூக்கட்டு வைக்க இடம் விட்டு, அவரே மலைக்குப் போய் கம்போங் ராஜா தோட்டங்களில் அன்றைக்கு அறுத்த பூவை எடுத்துக்கொண்டு இறங்க ஆரம்பித்தார். வாரத்துக்கு இரண்டு முறை, விடியும் முன்பே கிளம்பிவிடுவார்.

கீழே வியர்த்துக்கொண்டு கிளம்புகிற ஆள் மேலே போகப் போக விறைத்துப் போய்விடுவார். பனிமூட்டம், அதில் தூறல், அதன் மேல் எதிர்காற்று. ஏசியை முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு ஈரத் துணியோடு உட்கார்ந்திருப்பது போல இருக்கும். எல்லோரும் தாங்கிக்கொள்கிறோம். ஆனால் ரோசரிக்காவின் விரல்கள் தாங்கவில்லை. முதலில் நுனி வெளுத்தது. போன வருடத்திலிருந்து முழு விரலும் மெழுகுவத்தி மாதிரி வெளுத்து, மரத்து, கீழே இறங்கிய பிறகு நெருப்பில் வைத்த மாதிரி எரிய ஆரம்பித்தது. குளிர் பட்டால் விரலில் இருக்கும் ரத்தக்குழாய் ஒரேயடியாகச் சுருங்கிவிடுகிறது, குளிருக்குப் போகாதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்கா தலையை ஆட்டிவிட்டு அடுத்த நாளே மலைக்குப் போனார். அப்படிப் போன ஒரு நாளில்தான் வளைவில் பிரேக் பிடிக்காமல் புல்தரையில் சாய்ந்தது. நல்லவேளை, பள்ளத்தின் பக்கம் சாயவில்லை.

"இனிமே மலைக்குப் போவக்கூடாதுங்குறாரு" என்றார் என் கடையில் நின்றுகொண்டு. "கல்லறைத் திருநாள் வருது. அத விட்டுட்டா ஒரு வருச வாடிக்க எல்லாம் வேற எடம் போயிரும். அது கூட பரவால்ல தம்பி. அந்த ரோட்டுல போற நேரம் மட்டும்தான் எனக்குன்னு இருக்கு. அதயும் வுட்டுட்டு வீட்டுல ஒக்காந்து என்ன பண்ணுவேன்?"

சாமானுக்குச் சொல்லி வைக்கிறேன் என்றேன். வெளிநாட்டில் பனி பெய்கிற இடத்தில் ஓட்டுகிறவர்களுக்கு என்று செய்த சாமான் அது. இணையத்தில் தேடினால் கிடைக்கும். பெரிய மோட்டாருக்கு மாட்டுவது. கப்சாய்க்கு மாட்டுவதில்தான் சிக்கல்.

சாமான் வந்த அன்று மதியம் ஆம்புரோஸ் அண்ணன் தனியாக வந்தார். குடையைக் கம்பு மாதிரி ஊன்றிக்கொண்டு, சுவரோரமாகவே நடந்து வந்திருந்தார். ஸ்டூலைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார்.

"தம்பி, ஒரு ஒதவி. அந்தச் சூட்டுச் சாமான் இந்த மோட்டாருக்குச் சரிப்படாதுன்னு அவகிட்ட சொல்லிடு."

"ஏன்ணே?"

"நான் சொன்னா கேக்க மாட்டா. நீ சொன்னா கேப்பா. கப்சாய் பேட்டரி தாங்காதுன்னு சொல்லு. பொய்யும் இல்லயே."

எனக்கு எரிச்சல் வந்தது. அவர் சொன்னது பாதி உண்மை என்பதுதான் எரிச்சலுக்குக் காரணம். கப்சாய் உற்பத்தி பண்ணுகிற கரண்டு கொஞ்சம்தான். பகலிலும் முன்விளக்கு எரியவேண்டும் என்பது எங்கள் நாட்டுச் சட்டம். அதோடு கைப்பிடிக்கும் சூடு ஏற்றினால் பேட்டரி இறங்கிவிட வாய்ப்பு உண்டு. ஆனால் வழி இருக்கிற வேலையை வழி இல்லை என்று சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது. வயர் வேலை செய்கிறவன் ஒரு தடவை பொய் சொல்லிவிட்டால், அப்புறம் அவன் முறுக்கின எந்த ஸ்க்ரூவையும் யாரும் நம்பமாட்டார்கள்.

"அண்ணே, ஒங்க வீட்டுச் சண்டைய என் பேட்டரி தலையில போடாதீங்க" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. குடையின் பிடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"அந்த ரோட்டுல விழுந்தவங்கள எத்தன பேர லாரியில தூக்கிப் போட்டு எறக்கிருக்கேன் தெரியுமா? அவ போன நாளெல்லாம் நான் வாசல்லதான் ஒக்காந்திருக்கேன். ஒவ்வொரு மோட்டார் சத்தத்துக்கும் எந்திரிக்கிறேன். கண்ணு தெரிஞ்சாலாவது தூரத்துலயே பாத்துருவேன். கிட்ட வந்து நிக்கிற வரைக்கும் அது அவதானான்னு எனக்குத் தெரியாது தம்பி."

அதற்கு மேல் அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. மாட்டும்போது நீங்களும் வாருங்கள், முடியாது என்றால் இரண்டு பேர் முன்னாலும் சொல்கிறேன், முடியும் என்றாலும் அப்படியே சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

சனிக்கிழமை இருவரும் வந்தார்கள். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார், அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்தார். பழைய ரப்பர் கிரிப்பைக் கத்தியால் கீறி எடுத்தேன். இடப்பக்கம் சுலபம், பசை தடவி ஏற்றினால் முடிந்தது. எண்ணெய் முறுக்குகிற, அதாவது வேகம் கூட்டுகிற வலப்பக்கம்தான் வேலை வாங்கியது. முறுக்குகிற குழாயின் மேல் இருக்கும் வரிகளை அரத்தால் ராவி வழவழப்பாக்கினால்தான் சூட்டுக் கிரிப் ஏறும். அந்த கிரிப்பிலிருந்து ஒரு வயர் வேறு தொங்குகிறது. முறுக்கும்போது வயரும் கூடவே சுற்றும். இறுகக் கட்டினால் முறுக்கின எண்ணெய் திரும்பாது, அதாவது கையை விட்டாலும் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். மலை வளைவில் அப்படி ஆனால் கதை முடிந்தது.

முன்விளக்கின் பழைய பல்பைக் கழற்றி எல்இடி போட்டேன். அதில் மிச்சமான கரண்டுதான் கைப்பிடிக்கு. சாவி போட்டால் மட்டும் சூடு வருகிற மாதிரி ரிலே, அதற்கு ஒரு ஃபியூஸ், ஹேண்டிலில் பேட்டரி அளவு காட்டுகிற சின்ன மீட்டர். மீட்டர் சிவப்பாகிவிட்டால் சூட்டை அணைத்துவிட வேண்டும், சிக்னலில் சும்மா நிற்கும்போது போடவே கூடாது என்று இருவருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். ஏறும்போதும் இறங்கும்போதும் எஞ்சின் வேகமாகச் சுற்றுவதால் தாங்கும் என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

"நான் பாக்கலாமா?" என்றார் அண்ணன்.

வண்டி சோதிக்கிற அதிகாரி தோற்றார். ஹேண்டிலைப் பிடித்து முறுக்கினார், விட்டார். மறுபடி முறுக்கினார், விட்டார். குழாய் திரும்பி வந்து இடிக்கிற சத்தத்தைத் தலையைச் சாய்த்துக் கேட்டார். ஹேண்டிலை இடப்பக்கம் முழுதாகத் திருப்பிச் செய்தார். வலப்பக்கம் முழுதாகத் திருப்பிச் செய்தபோது நிறுத்தினார்.

"இங்க லேட்டா வருது."

எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. குனிந்து பார்த்தால், அந்தக் கோணத்தில் வயர் பிரேக் கேபிளில் லேசாக உரசிக்கொண்டிருந்தது. குற்றம் கண்டுபிடிக்க வந்த மனிதர் கண்டுபிடித்தே விட்டார். எனக்குக் கொஞ்சம் அவமானம்தான். வயரைப் பிரித்து, கீழ்ப்பக்கமாகச் சுற்றி, இன்னும் தளர்வாகக் கட்டினேன். அவர் திரும்பவும் எல்லாப் பக்கமும் முறுக்கிப் பார்த்துவிட்டு, "சரி" என்றார். அந்த ஒரு சொல்லுக்குள் அவருக்கு எவ்வளவு கசப்பு என்பது எனக்குத் தெரிந்தது.

முதல் பயணம் போய்வந்த அக்கா, உள்ளங்கை தோசைக்கல் மாதிரி கதகதப்பாக இருந்தது என்றார். ஆனால் விரல் நுனிகள் மேலே போனதும் வெளுத்துவிட்டன. மகள் கார்மென் நியூசிலாந்தில் பழம் பெட்டி கட்டும் ஃபேக்டரியில் வேலை பார்க்கிறாள். குளிர் நாட்டில் இருப்பவளுக்கு விஷயம் தெரிந்திருந்தது. நெஞ்சு குளிர்ந்தால் உடம்பு கைக்கு ரத்தம் அனுப்பாது, கையை மட்டும் சூடாக்கிப் பிரயோஜனம் இல்லை என்று போனில் சொன்னாள். சொன்னதோடு நிற்காமல், அங்கே வேலையாட்கள் போடுகிற சூட்டு வெஸ்ட் ஒன்றை வாங்கி அனுப்பினாள். உள்ளே தகடு வைத்துத் தைத்து, ஒரு பக்கப் பையில் பேட்டரி போடுகிற கையில்லாத சட்டை. நெஞ்சில் ஒரு பொத்தான். அதை ஒரு தடவை அழுத்தினால் நீலம், லேசான சூடு; இன்னொரு தடவை அழுத்தினால் சிவப்பு, முழுச் சூடு; மூன்றாவது தடவை அணைந்துவிடும்.

இங்கேதான் எங்கள் ஊர்ப் பழக்கம் வந்து குறுக்கே நின்றது. மோட்டார் ஓட்டும்போது நாங்கள் ஜாக்கெட்டைத் திருப்பித்தான் போடுவோம். முதுகுப்பக்கம் நெஞ்சுக்கு வரும், ஜிப் பின்னால் திறந்தபடி கிடக்கும். காற்றும் மழையும் ஜிப் இடுக்கு வழியாக நெஞ்சில் இறங்காது, வீடு வந்ததும் ஒரே இழுப்பில் கழற்றிவிடலாம். தமிழ்நாட்டிலிருந்து சுற்றிப் பார்க்க வந்த என் மனைவியின் மாமா இதைப் பார்த்துவிட்டு, இந்த ஊரில் எல்லோரும் இருட்டில் உடுத்திக்கொண்டு வருகிறார்களா என்று கேட்டார். எங்களுக்கு அதைத் தவிர வேறு மாதிரிப் போடத் தெரியாது. ரோசரிக்காவும் நியூசிலாந்து வெஸ்டைத் திருப்பிப் போட்டு, பின்னால் ஊசி குத்தி, அதன் மேல் ஜாக்கெட்டையும் திருப்பிப் போட்டுக்கொண்டார். கிளம்பும்போது பொத்தானை அழுத்தும்படி அண்ணனிடம் சொன்னார். அண்ணனும் அழுத்தினார். எது எந்த நிறம் என்று அவருக்குத் தெரியவில்லை, இரண்டு தடவை அழுத்திவிட்டார்.

சிம்பாங் பூலாய் தாண்டுவதற்குள் அக்காவுக்கு நெஞ்சில் இட்லி வேக ஆரம்பித்துவிட்டது. அணைக்கலாம் என்றால் பொத்தான் முதுகின் நடுவில். கையை மேலே விட்டும் எட்டவில்லை, கீழே விட்டும் எட்டவில்லை. ஜாக்கெட்டைக் கழற்றி, ஊசியைக் கழற்றி மறுபடி மாட்டப் பின்னால் ஒரு கை வேண்டும். கடைசியில் சாலையோரம் டுரியான் அடுக்கிக்கொண்டிருந்த ஒரு சீனக் கிழவரிடம் போய் முதுகைத் திருப்பிக் காட்டி, "அங்கிள், தோலோங், தெக்கான்" என்று மலாயில் பொத்தானை அழுத்தச் சொல்லி உதவி கேட்டிருக்கிறார். கிழவர் டுரியான் வெட்டும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, பயந்து பயந்து ஒரு விரலால் அழுத்தினாராம். அது அணைந்தது. ஆனால் மேலே போய்க் குளிர் பிடித்தபோது மறுபடி போட ஆள் இல்லை. திரும்பி வரும்போது விரல் வெளுத்துத்தான் இருந்தது.

இதை அக்கா என் கடையில் நடித்தே காட்டினார். நான் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தேன். கூட வந்திருந்த ஆம்புரோஸ் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை.

"கண்டவன்கிட்ட முதுக காட்டிக்கிட்டு நிக்கணுமா?"

"பின்ன? நீங்களா வந்து அமுக்குவீங்க?"

"வெஸ்ட்ட மட்டும் நேரா போட்டா என்னக்கா?" என்றேன் நான்.

"பெரிய தகடு முதுகுலதான் இருக்கு தம்பி. காத்து அடிக்கிறது நெஞ்சுல. எங்க குளுருதோ அங்கதான சூடு வேணும்?"

அவர் சொன்னது சரி. அண்ணன் மறுபடி ஆரம்பித்தார். இவ்வளவு செய்தும் விரல் வெளுக்கிறது, இன்னும் எதற்கு இந்தப் பிடிவாதம், சாவியைக் கொடு என்றார். கையையும் நீட்டினார். ரோசரிக்கா சாவியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே நின்றார். அவர் அழப்போகிறார் என்று நான் நினைத்தேன். அவர் அழவில்லை.

"கல்லறைத் திருநாள் பூவுக்குப் போறப்ப நீங்களும் வாங்க. பின்னாடி ஒக்காருங்க. சுவிட்ச நீங்களே போடுங்க, நீங்களே அமத்துங்க. மேல போயி என் வெரல பாருங்க. வெளுத்திருந்தா அங்கயே சாவிய ஒங்க கையில குடுத்துடுறேன். அப்புறம் மலைப் பேச்சே எடுக்க மாட்டேன்."

"லாரி ஓட்டுன நான், பொம்பள பின்னாடி ஒக்காந்து போறதா?"

"முன்னாடி ஒக்காந்தா ரோடு தெரியாதே, அதான் சொன்னேன்."

கடையில் இருந்தது நாங்கள் மூன்று பேர்தான். அப்புறம் அண்ணன் குடையை எடுத்துக்கொண்டு, "ஹெல்மெட் இருக்கா தம்பி, என் தலைக்கு?" என்று கேட்டார்.

அவர்கள் கிளம்பிய காலை நான் கடையைத் திறந்துகொண்டிருந்தேன். அக்கா ஜாக்கெட்டைத் திருப்பிப் போட்டிருந்தார். அண்ணன் நேராகப் போட்டு ஜிப்பைக் கழுத்து வரை இழுத்திருந்தார், பின்னால் உட்கார்கிறவருக்கு அது போதும். சீட்டில் பூக்கட்டு வைக்கிற இடத்தில் அண்ணன் உட்கார்ந்ததால் அன்றைக்குப் பாதிப் பூதான் வரும். வாடிக்கைக்காரர்கள் சிலருக்குப் பத்தாது. என் கடை முன்னால் வேகத்தைக் குறைத்தபோது அண்ணன் இரண்டு கையாலும் அவர் தோளை இறுகப் பிடித்திருந்தார். பயந்துபோன பிள்ளை மாதிரி இருந்தது. அன்றைக்கு முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. அக்காவின் விரலுக்கு நான் மாட்டின சாமான் போதுமா என்பதே நினைப்பாக இருந்தது. சாவி கை மாறிவிட்டால் அந்த மனுஷி வீட்டுக்குள் எப்படி இருப்பார் என்று நினைக்கவே கஷ்டமாக இருந்தது.

மாலையில் மோட்டார் என் கடை வாசலில் நின்றது. கூடைகளில் வெள்ளைச் சாமந்தி. அண்ணனை வீட்டில் இறக்கிவிட்டு அக்கா மட்டும் வந்திருந்தார். சாவி அவர் கையில்தான் இருந்தது.

"எப்படிக்கா?"

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னார். பாதையில் எங்கே குளிர் ஆரம்பிக்கும் என்பது அண்ணனுக்கு மனப்பாடம். லாரிக் கண்ணாடி எந்த வளைவில் பனி பிடிக்கும் என்பதை வைத்துக் கணக்கு வைத்திருந்தாராம். அந்த இடம் வருவதற்குள்ளேயே முதுகில் பொத்தானை அழுத்திவிட்டார். அடுத்து இடப்பக்கம் வளையும், மண் சரிந்த இடம், மெதுவா போ என்று காதுக்குப் பின்னால் சொல்லிக்கொண்டே வந்தார். பாதி வழியில் தோளை இறுக்கிப் பிடித்ததை விட்டுவிட்டாராம். கம்போங் ராஜாவில் இறங்கியதும் கையுறையைக் கழற்றச் சொன்னார்.

"அவருக்கு வெளுத்திருக்கா இல்லயான்னு கண்ணுல தெரியாதுல்ல. அதனால ஒவ்வொரு வெரலா புடிச்சுப் பாத்தாரு. பூத்தோட்டத்துக்காரன் எல்லாம் பாத்துக்கிட்டு நிக்கிறான். எனக்கு வெக்கமா போச்சு லா. கல்யாணத்துக்கப்புறம் இப்படி ரோட்டுல நின்னு கையப் புடிச்சதில்ல."

"சூடா இருந்துச்சா?"

"எல்லாம் சூடா இருந்துச்சு. இந்தச் சுண்டு வெரல் மட்டும்." அவர் அதைத் தடவிக்கொண்டார். "அது வெளுத்து, ஐஸ் மாதிரி இருந்துச்சு. எனக்கே தெரியும். அவரு அதயும் புடிச்சுப் பாத்தாரு. கொஞ்ச நேரம் புடிச்சுக்கிட்டே இருந்தாரு. அப்புறம், சரி, பூவ ஏத்துன்னுட்டாரு."

சொல்லவேண்டியது இருந்தது என்பது நினைவுக்கு வந்து, மேசை இழுப்பறையிலிருந்து ஒரு நீள வயரும் சின்ன சுவிட்சும் எடுத்தேன். போன வாரமே வாங்கி வைத்திருந்தேன். வெஸ்டின் பொத்தானிலிருந்து வயரை இழுத்து, சுவிட்சை ஹேண்டிலில் வைத்துவிடலாம், அரை மணி நேர வேலை. இனிமேல் யாரும் பின்னால் உட்கார வேண்டியதில்லை, பூவும் முழுதாக வரும் என்று சொன்னேன்.

ரோசரிக்கா அந்த சுவிட்சை வாங்கி, அழுத்திப் பார்த்தார். திரும்ப மேசையில் வைத்தார்.

"வேணாம் தம்பி. அது பின்னாடியே இருக்கட்டும். பூ கொறஞ்சா கொறஞ்சிட்டுப் போவுது. அவரு பின்னாடி இருந்தா எனக்குத் தெம்பா இருக்கு. மேல போனதும் ஒரு கோப்பி வாங்கிக் குடுத்தேன், லாரி ஓட்டுறப்ப குடிச்ச கடை, எத்தன வருசம் கழிச்சு அங்க ஒக்காந்தாரு தெரியுமா? அவருகிட்ட இதச் சொல்லாத."

சொல்லமாட்டேன் என்றேன்.

கல்லறைத் திருநாள் முடிந்த அடுத்த வாரம், கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து ஆம்புரோஸ் அண்ணன் வந்தார். முன்பு வந்த மாதிரியே குடையை ஊன்றிக்கொண்டு, சுவரோரமாகவே வந்தார். ஸ்டூலைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார்.

"தம்பி, ஒரு ஒதவி."

"சொல்லுங்கண்ணே."

"அந்த வெஸ்ட் சுவிட்ச் இருக்குல்ல. அத முன்னாடி கொண்டு வந்து வைக்க முடியும்னு ஒருத்தன் சொன்னான். உண்மையா?"

நீள வயர் அப்போதும் என் மேசை மேல்தான் கிடந்தது. அதை அவர் பார்க்க வழியில்லை. ஆனாலும் நான் அதை எடுத்து இழுப்பறைக்குள் போட்டு மூடினேன்.

"ஏன்ணே கேக்குறீங்க?"

"அவ வந்து கேட்டான்னா, முடியாதுன்னு சொல்லிடு."

"முடியாதுண்ணே" என்றேன். "வயர் எட்டாது."